உடைச்சா போச்சு!

மாத்திரைக்குள் மருந்து மட்டும் இல்லை. அதை எப்போது, எவ்வளவு வெளியே விடுவது என்று முடிவு செய்யும் பாலிமரும் இருக்கிறது. அது தெரியாமல் உடைக்கிறோம், இடிக்கிறோம், கரைத்து ஊற்றுகிறோம்.

சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்த மாலை. பயர் ஆபீஸ் என்று சொல்லப்படும் பட்டாசு ஆலைகளின் வேன்கள் சாத்தூருக்குள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரத்தில் மெடிக்கல் ஷாப் வாசலில் கூட்டம் சேர்கிறது. நகக்கண்ணில் அலுமினியத் தூள் இன்னும் போகாத கை ஒன்று, மடித்து மடித்து நைந்துபோன மருந்துச் சீட்டை நீட்டுகிறது.

“அண்ணாச்சி, அம்மாவுக்கு சுகர் மாத்திரை. ஏழு மட்டும் வெட்டிக் குடுங்க. அடுத்த சம்பளத்துக்கு மிச்சத்தை வாங்கிக்கிறேன்.”

அட்டைக்குள் கத்தரிக்கோல் ஓடுகிறது.

“மாத்திரை பெருசா இருக்குன்னு முழுங்கவே மாட்டேங்குறாக அண்ணாச்சி. ரெண்டா உடைச்சு, தூளாக்கித்தான் குடுக்கேன்.”

கத்தரிக்கோல் நிற்கிறது. “உடைக்காத தாயி. இது எஸ்.ஆர். மாத்திரை. உடைச்சா போச்சு.”

“அப்படி எதுவும் எழுதலையே?”

எழுதியிருந்தது. ஆனால், அந்த எழுத்துகள் கடைக்காரர் கையில் மிச்சமிருக்கும் பாதி அட்டையோடு நின்றுவிட்டன. சாத்தூர் என்றில்லை, வாரக் கூலிக்கு வாழும் எந்த ஊரிலும் மருந்து இப்படித்தான் வீட்டுக்குப் போகிறது. பெயர் பாதி, எச்சரிக்கை பாதி.

இந்த மாத்திரைகளை விழுங்குபவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. இந்த இரண்டு நோய்க்கும் எழுதப்படும் மருந்துகளில் பல, மெல்ல மெல்ல வெளிவரும் வகையில் செய்யப்பட்டவை.

வெடியா, புஸ்வாணமா?

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதை விளங்க வைப்பது எளிது. வெடியிலும் புஸ்வாணத்திலும் எரிவது மருந்துதான். ஒன்றில் மொத்தமும் ஒரே நொடியில் தீர்கிறது, மற்றொன்றில் பொங்கிப் பொங்கி வருகிறது. சாதாரண மாத்திரை வெடி ரகம். வயிற்றுக்குள் போனதும் கரைந்து, ரத்தத்தில் மருந்தின் அளவைச் சட்டென்று ஏற்றி, அதே வேகத்தில் இறக்கிவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று வேளை. எஸ்.ஆர். மாத்திரை புஸ்வாண ரகம், அதற்கு ஒரு வேளை போதும்.

மெட்ஃபார்மினையே எடுத்துக்கொள்வோம். சாதா மாத்திரையில் இரண்டரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். எஸ்.ஆர். மாத்திரையில் அதற்கு ஏழு மணி நேரம் ஆகும். இதை நிகழ்த்துவது ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமர். மூலப்பொருள் செல்லுலோஸ், அதாவது மரக்கூழ் அல்லது பருத்திக்கொட்டையை ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு.

ஒரு மாத்திரையைத் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் சங்கதி கண்ணுக்கே தெரியும். சாதா மாத்திரை சில நிமிடங்களில் உதிர்ந்து மாவாக அடியில் படியும். எஸ்.ஆர். மாத்திரை உதிராது. ஓரங்கள் முதலில் பளபளக்கும், பிறகு மேல்பரப்பு வழுவழுப்பாகி, கண்ணாடி போன்ற கூழ்ப் படலம் ஒன்று மாத்திரையைச் சுற்றி வளரும். விரலால் தொட்டால் வழுக்கும். நடுவில் வெள்ளையாக, காய்ந்த பகுதி அப்படியே இருக்கும். தண்ணீர் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கரைந்த மருந்து அதே படலத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெளிப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, உள்ளே புதுப் படலம் உருவாகும். மணிக்கணக்கில் இதுவே நடக்கும்.

ஆலையில் இந்த வேகத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். 37 டிகிரி சூட்டிலுள்ள திரவத்தில் மாத்திரையைப் போட்டுத் துடுப்பால் கலக்கி, மணிக்கு மணி எவ்வளவு மருந்து வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மெட்ஃபார்மினுக்கு அமெரிக்க மருந்து நூலிலுள்ள ஒரு சோதனையின்படி முதல் மணி நேரத்தில் 20 முதல் 40 சதவீதம், மூன்றாம் மணியில் 45 முதல் 65 சதவீதம், பத்தாம் மணியில் குறைந்தது 85 சதவீதம் வெளிவந்திருக்க வேண்டும். இத்தனை கறாராகச் செய்து அனுப்பியதை நாம் அம்மிக்கல்லில் வைத்து நசுக்குகிறோம்.

பெட்டிச் செய்தி: அட்டையில் என்ன எழுத்து?

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., பி.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., எல்.ஏ., ரிடார்ட்: எல்லாமே மெல்ல வெளிவரும் ரகம். இந்திய மருந்து நூல் ‘புரோலாங்டு ரிலீஸ்’ என்று சொல்வதால், மெட்ஃபார்மின் அட்டைகளில் அந்தப் பெயரே பெரும்பாலும் இருக்கும்.

ஈ.சி., ஜி.ஆர்., ‘கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்’: இரைப்பையின் அமிலத்தில் கரையாமல், குடலுக்குப் போன பிறகு கரையும் பூச்சு. பேன்டப்ரசோல், 75 மி.கி. ஆஸ்பிரின் போன்றவை.

டி.எஸ்.ஆர்.: நம் ஊரில் அதிகம் எழுதப்படும் ‘கேஸ்’ கேப்சூல். உள்ளே இரண்டு வகைக் குருணைகள். பேன்டப்ரசோல் குருணைக்கு அமிலம் தாங்கும் பூச்சு, டாம்பெரிடோன் குருணைக்கு மெல்ல விடும் பூச்சு.

இரண்டு நிற மாத்திரை: கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. ஒரு அடுக்கு உடனே கரையும், மற்றது நின்று நிதானமாக.

‘மாத்திரை அப்படியே வந்துருச்சு’

மருந்துக் கடைகளுக்கு அடிக்கடி வரும் இன்னொரு புகார் இது. காலைக்கடன் கழிக்கும்போது மாத்திரை முழுசாகத் தெரிகிறது. மருந்து வேலையே செய்யவில்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கோபம் வருகிறது. சிலர் மறுநாளிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள், சிலர் இரண்டாக உடைத்துப் போட ஆரம்பிக்கிறார்கள்.

வெளியே வந்தது கூடு. மருந்து முழுக்க உடம்புக்குள் இறங்கிய பிறகு, செரிக்காத பாலிமர் மட்டும் ஊறிப்போய் வெளியேறுகிறது. மருந்தை எழுதித் தரும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எழுதுபவருக்கும் கொடுப்பவருக்கும் அதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

எஸ்.ஆர். மாத்திரையால் உழைப்பவர்களுக்கு வேறொரு நிம்மதியும் உண்டு. சாதா மெட்ஃபார்மின் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கும் பெண் நாலு தடவை எழுந்து போனால் அன்றைய கூலி குறையும். மெல்ல வெளிவரும் ரகம் அந்தத் தொந்தரவைக் குறைக்கிறது. தூளாக்கிக் கொடுத்தால் அந்தத் தொந்தரவு இரட்டிப்பாகத் திரும்பும், ஏனென்றால் ஒரு நாளுக்கான மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் குடலில் இறங்குகிறது.

இதை இரவுச் சாப்பாட்டோடு போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. மெட்ஃபார்மினைக் குடலின் மேல்பகுதிதான் நன்றாக உறிஞ்சும். வயிற்றில் சோறு இருந்தால் மாத்திரை அங்கேயே தங்கி நிதானமாக மருந்தை இறக்கும். வெறும் வயிற்றில் போடுவதைவிடச் சாப்பாட்டோடு போடும்போது சுமார் 50 சதவீதம் கூடுதலாக உடம்பில் சேர்கிறது. காலை வேனுக்கு ஓடும் அவசரத்தில் வெறும் டீயோடு போட்டுக்கொண்டால் வாங்கிய மருந்தில் ஒரு பகுதி வீண்.

கெரட்டினில் தொடங்கிய கதை

மருந்தை மூடி அனுப்பும் யோசனை பழசு. 1884-ல் பால் கெர்சன் உன்னா என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர், வயிற்றில் கரையாதிருக்க மாத்திரைக்கு கெரட்டின் பூசினார். 1952-ல் அமெரிக்காவின் ஸ்மித் கிளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் நிறுவனம், வெவ்வேறு கனத்தில் பூச்சு போட்ட குருணைகளை ஒரே கேப்சூலில் அடைத்து ‘ஸ்பான்சூல்’ என்று விற்றது. அதே பத்தாண்டில் ஜெர்மனியின் ரோம் நிறுவனம் ‘யூட்ராகிட்’ என்ற அக்ரிலிக் பாலிமர்களைக் கொண்டுவந்தது. அமிலத்தில் கரையாத, குடலில் கரைகிற ரகங்கள் அதில் உண்டு.

கேப்சூல் ஓட்டுக்குச் சாத்தூரோடு ஒரு உறவும் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. இங்குள்ள தீப்பெட்டித் தொழிலில் தீக்குச்சி முனையில் மருந்தைப் பிடித்து நிறுத்தும் வஜ்ஜிரப் பசையும் அதே குடும்பம்தான். இரண்டும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுப்பவை.

இந்தியாவின் பங்கும் சொல்லத்தக்கது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரு நாளுக்கு ஒரு வேளை போடும் வடிவத்தை ரான்பாக்ஸி நிறுவனம் உருவாக்கியது. கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், சாந்தன் பிசின், சமையல் சோடா ஆகியவற்றைச் சேர்த்து, வயிற்றில் மிதந்தபடி மருந்தை விடும் அமைப்பு அது. அந்த மருந்தை முதலில் கண்டுபிடித்த பேயர் நிறுவனமே 1999-ல் அதற்கான உரிமத்தை ரான்பாக்ஸியிடம் வாங்கியது.

குழாய் வழியே போன ஆபத்து

மெட்ஃபார்மினை உடைத்தால் வயிறு கலங்கும், சர்க்கரை ஏறி இறங்கும். வேறு சில மருந்துகளில் உயிருக்கே ஆபத்து.

நிஃபெடிபின் ரத்தக்கொதிப்பு மருந்து. நாள் முழுக்க வெளிவர வேண்டிய அளவு ஒரேயடியாக வந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். அமெரிக்காவில் ஒரு பெண் நோயாளிக்கு மெல்ல வெளிவரும் நிஃபெடிபினை நசுக்கி, லேபடலால் என்ற இன்னொரு மருந்தோடு மூக்குக் குழாய் வழியே செலுத்தினார்கள். அழுத்தமும் இதயத் துடிப்பும் சரிந்தன, அவர் பிழைக்கவில்லை. 2003-ல் மருத்துவ இதழில் இது பதிவானது. நடந்தது மருத்துவமனையில், பயிற்சி பெற்றவர்கள் கையில்.

நம் வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்து படுத்துவிட்டவருக்கு மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கஞ்சியோடு மாத்திரையும் அந்த வழியேதான் போக வேண்டும். மருமகளோ மகளோ இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் இடித்து, தண்ணீரில் கலக்கி, சிரிஞ்சில் இழுத்து ஏற்றுகிறார்கள். அதில் எது எஸ்.ஆர்., எது ஈ.சி. என்று அவர்களுக்கு யாரும் பிரித்துச் சொன்னதில்லை. ஹைப்ரோமெல்லோஸ் கூழ் குழாயை அடைத்தும் விடும். அடைத்ததைத் தள்ள இன்னும் தண்ணீர், இன்னும் அழுத்தம்.

குழாயோடு வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு மருந்துச் சீட்டையே மாற்றி எழுத வேண்டும். மெல்ல வெளிவரும் மாத்திரைக்குப் பதில் சாதா மாத்திரையோ திரவ மருந்தோ, அதற்கேற்ற வேளைக் கணக்கில். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் குடும்பத்தார் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி இது: “இதுல எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது?”

அமிலத்தைத் தாங்கும் பூச்சு போட்டவற்றில் ஆபத்து வேறு விதம். பேன்டப்ரசோலும் ஒமிப்ரசோலும் இரைப்பை அமிலத்தில் சிதைந்துபோகும். குருணையை மென்றுவிட்டால் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு அவை முழுதாகப் போய்ச் சேருவதில்லை.

பெட்டிச் செய்தி: கோடு போட்டிருந்தால்?

நடுவில் கோடு இருப்பதால் மட்டுமே ஒரு மாத்திரையை உடைக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. ரத்தக்கொதிப்பு மருந்தான மெட்டோபிரோலால் சக்சினேட்டின் மூல வடிவத்தில் ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியாகப் பூச்சு போட்ட சிறு குருணைகளால் ஆனது. அதைக் கோட்டில் பாதியாக்கலாம், நசுக்கவோ மெல்லவோ கூடாது. அதே பெயரில் வரும் வேறு கம்பெனி மாத்திரை வேறு விதமாகச் செய்யப்பட்டிருக்கலாம். வாங்கும் கடையில் கேட்டுவிட்டு உடைப்பதே சரி.

குடித்தால் என்ன ஆகும்?

சில பாலிமர்கள் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். எத்தில் செல்லுலோஸ் அப்படிப்பட்டது. இது பாடப்புத்தகத்தோடு நிற்கும் வேதியியல் இல்லை என்பதை ‘பல்லாடோன்’ காட்டியது. 24 மணி நேரம் வேலை செய்யும் ஹைட்ரோமார்ஃபோன் வலி மருந்து அது. 40 சதவீத மதுவோடு அதை எடுத்தபோது ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு சராசரியாக ஆறு மடங்கு ஏறியது. அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டுக்கொள்ள, 2005-ல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் பிறகு, இத்தகைய மாத்திரைகளை மதுவிலும் போட்டுச் சோதிக்கச் சொல்லும் வழக்கம் வந்தது.

எல்லா எஸ்.ஆர். மாத்திரையும் மதுவில் இப்படிச் சிதறிவிடாது. ஆனாலும், வலிக்கும் கொதிப்புக்கும் மருந்து போட்டுவிட்டு டாஸ்மாக் பக்கம் போகிறவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் தனி.

கொத்தவரங்காயும் கட்டக்கோரையும்

பாலிமர் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றும். நம் வயலிலும் கடலிலும் அது கிடைக்கிறது. கொத்தவரை விதையின் பிசின் தண்ணீர் பட்டால் ஊதிக் கூழாகும். உலகத்துக்கு வேண்டிய கொத்தவரைப் பிசினில் சுமார் 80 சதவீதம் இந்தியாவில், பெரும்பாலும் ராஜஸ்தானில் விளைகிறது. பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்கள் மட்டும் அதை உடைக்கும் என்பதால், மருந்தைப் பெருங்குடல்வரை கொண்டுசேர்க்க அதைப் பயன்படுத்தலாம் என்று விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியில் காட்டினார்கள்.

மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசிகளில் ஒன்று கட்டக்கோரை. ஆல்ஜினேட் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சில திரவ மருந்துகளில் இரைப்பைக்குள் இருப்பவற்றின் மேல் மிதந்து மூடும் படலம் அந்த ஆல்ஜினேட்தான். துணி ஆலைகளில் கஞ்சி போடப் பயன்படும் புளியங்கொட்டை மாவின் பிசினும் இதே ஆராய்ச்சியில் பல காலமாக இருக்கிறது.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பார்மசி கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளைப் புரட்டினால் இந்தப் பிசின்களால் செய்த மாத்திரைகள் ஏராளம். கடைக்கு வந்தவை மிகக் குறைவு. காரணம் பிசினின் குணம். மழை, மண், பறித்த மாதம் என்று ஒவ்வொன்றாலும் அதன் கெட்டித்தன்மை மாறும். ஒரு சரக்கில் பத்து மணி நேரம் மருந்தை விட்ட மாத்திரை, அடுத்த சரக்கில் ஆறு மணியில் விட்டுவிட்டால் நோயாளிதான் பாதிக்கப்படுவார். கிருமி வளராமல் பார்ப்பதும் சிரமம். கல்லூரி ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே இந்தத் தரப்படுத்தும் வேலையை அரசு பணம் போட்டு எடுத்துச் செய்தால், பாசி பறிக்கும் பெண்களுக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

மில்லிகிராம் ஒன்றுதான், மருந்து?

“அந்தக் கம்பெனி இல்ல, இது இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்.” சாதா மாத்திரைக்கு இந்தப் பதில் பெரும்பாலும் சரி. மெல்ல வெளிவரும் மாத்திரையில் உள்ளே இருக்கும் பாலிமர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மனச்சோர்வுக்கான ‘புடிப்ரியான் எக்ஸ்.எல்.’ 300 மி.கி. அமெரிக்காவில் 2006 முதல் விற்ற ஜெனரிக் மருந்து. பழைய அறிகுறிகள் திரும்புவதாக நோயாளிகள் தொடர்ந்து புகார் சொன்னார்கள். கடைசியில் 2012-ல் கட்டுப்பாட்டு அமைப்பே ஆய்வு நடத்தி, மூல மருந்துக்கு அது சமமாக இல்லை என்று கண்டு, சந்தையிலிருந்து எடுக்கவைத்தது.

இந்தியாவில் 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள், மெல்ல வெளிவரும் வடிவத்தை எப்போதுமே ‘புதிய மருந்து’ என்று கருதுகின்றன. அதாவது மெட்ஃபார்மின் எத்தனை பழையதாக இருந்தாலும் அதன் எஸ்.ஆர். வடிவத்துக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவை. நல்ல விதி. ஜெனரிக் மருந்துகளைக் கண்டு பயப்படவும் வேண்டியதில்லை, ஏழைக்கு எட்டும் மருந்து அவைதான். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பிறகு சர்க்கரையோ அழுத்தமோ தடம் மாறினால், பழைய அட்டை, புதிய அட்டை இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தமிழில் ஒரு வரி

‘முழுதாக விழுங்கவும், மெல்லவோ நசுக்கவோ கூடாது’ என்ற எச்சரிக்கை பல அட்டைகளில் இருக்கவே செய்கிறது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், அட்டையின் ஒரு மூலையில். ஒவ்வொரு மாத்திரைக் குழிக்குப் பின்னாலும் ‘உடைக்காதே’ என்று தமிழில் அச்சிட்டால் கத்தரிக்கோல் எங்கே ஓடினாலும் எச்சரிக்கை தப்பிக்கும். அச்சுக்குப் பேர்போன சிவகாசி பக்கத்திலேயே இருக்கும்போது இதை முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து எந்த மாத்திரை எந்த ரகம் என்று பேச அவர்களைவிடத் தோதானவர்கள் இல்லை. மாத்திரையை எங்கே வைக்கிறார்கள் என்றும் அவர்கள் பார்க்கலாம். பெரும்பாலான அட்டைகளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். விருதுநகர் மாவட்டத்துக் கோடையில், தகரக் கூரைக்குக் கீழே டி.வி. மேல் வைத்த ஜெலட்டின் கேப்சூலுக்கு அது நடக்கிற காரியமில்லை. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் ஓடு கெட்டிப்பட்டுக் கரைவது தாமதமாகும். மண்பானைக்குப் பக்கத்தில், ஈரம் படாத டப்பாவில் வைத்தால் ஓரளவு தப்பிக்கும்.

கடைசியாக, பெற்றோரும் வீட்டுப் பெரியவர்களும் அறிய வேண்டிய ஒன்று. குழந்தை மெல்ல வெளிவரும் மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டால், அல்லது யாராவது அளவுக்கு மீறிப் போட்டுவிட்டால், முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருக்கக்கூடும். மருந்து அப்போதுதான் வெளிவரத் தொடங்கியிருக்கும். மெல்ல வெளிவரும் பாராசிட்டமாலை அதிகமாகப் போட்டவர்களுக்கு வழக்கமான சிகிச்சைக் கணக்கு பொருந்தாமல் போனதால், 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வடிவத்தையே சந்தையிலிருந்து நிறுத்திவைத்தது. பிள்ளை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மிச்சமிருக்கும் அட்டையைக் கையோடு எடுத்துப்போய், “இது எஸ்.ஆர். மாத்திரை” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் கண்காணிப்பில் வைப்பது என்பதை மருத்துவர் அதை வைத்தே முடிவு செய்வார்.